ரெட்மி நோட் 4 இன்னும் கையில் இருக்கிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

2017 ஜனவரியில் 9,999 ரூபாயில் தொடங்கிய விலைக்கு வந்த போன், குமரி மாவட்டத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. குளச்சலில் வள்ளத்தில் போகிறவரின் பையிலும் குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவரின் இடுப்பிலும் பார்க்கலாம். ஸ்னாப்டிராகன் 625 சிப் அவ்வளவாகச் சூடாகாது, 4100 எம்.ஏ.எச் பேட்டரி ஒரு நாள் தாங்கும். இந்த போனைக் கெடுப்பது பெரும்பாலும் வயசு அல்ல. உள்ளே எது இருக்கிறது, எது இல்லை என்று தெரியாமல் கை வைப்பதுதான்.

முதலில் சிம் ட்ரே. இதன் முதல் குழி மைக்ரோ சிம் அளவு. இரண்டாவது குழியில் நானோ சிம் அல்லது மெமரி கார்டு, இரண்டில் ஒன்றுதான் வைக்கலாம். இன்று கிடைப்பதோ நானோ சிம். அதை அடாப்டர் (சின்ன சிம்மைப் பெரிய குழிக்குப் பொருத்தும் சட்டம்) இல்லாமல் பெரிய குழியில் வைத்துத் தள்ளினால் சிம் நகர்ந்து, உள்ளே இருக்கும் வில் போன்ற பின்களில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் ட்ரேயைப் பலமாக இழுத்தால் பின் வளைந்துவிடும். அந்தப் பின்கள் மெயின் போர்டிலேயே இருப்பதால் மாற்ற சால்டரிங் வேண்டும். அடாப்டரின் அடிப்பக்கத்தில் சின்னதாக செலோ டேப் ஒட்டி, அது செம்புப் பட்டையில் படாமல் சிம்மைப் பிடித்துக்கொள்ளும்படி வைத்தால் போதும். ட்ரே வராவிட்டால் இழுக்காதீர்கள். போனைக் கவிழ்த்துப் பிடித்து லேசாகத் தட்டி, மெதுவாக ஆட்டி எடுங்கள்.

இன்னொன்று, மொபைல் டேட்டாவுக்கு எந்த சிம்மைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களோ அதற்குத்தான் 4ஜி. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. டேட்டாவை வேறு சிம்முக்கு மாற்றினால் ஜியோ சிம் செத்த மாதிரி ஆகிவிடும். 'டவர் போச்சு' என்று சிம் மாற்றப் போவதற்கு முன் இதைப் பாருங்கள். பி.எஸ்.என்.எல் 4ஜி இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. அதில் 700 மெகாஹெர்ட்ஸ் இந்த போனுக்கு எட்டாது. பக்கத்து போனில் முழுக் கோடு இருந்து இதில் இல்லாவிட்டால் போனில் பழுது என்று அர்த்தமில்லை.

கீழ்ப்பக்கம் சார்ஜ் குத்தும் இடத்தின் இரண்டு பக்கமும் துளை வரிசை இருக்கும். இரண்டும் ஸ்பீக்கர் என்று நினைத்து, 'ஒரு பக்கம் சத்தம் வரவில்லை' என்று ஊக்கை விட்டுக் குத்துகிறவர்கள் ஏராளம். ஒன்றில்தான் ஸ்பீக்கர். மற்றதன் பின்னால் மைக். குத்தினால் மைக்கின் சவ்வு கிழிந்து, நாம் பேசுவது எதிர்முனைக்குக் கேட்காது. காய்ந்த டூத் பிரஷால் வெளியே தேய்த்தால் போதும்.

சார்ஜர் விஷயத்தில் வீண் செலவுதான் அதிகம். இந்த போன் வாங்குவது 5 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 10 வாட். குயிக் சார்ஜ் வசதி கிடையாது. 33 வாட் சார்ஜர் வாங்கிக் குத்தினாலும் வேகம் கூடாது. சார்ஜ் மெதுவாக ஏறினால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். மெலிந்த கேபிளில் 2 ஆம்பியர் வராது.

பேட்டரி மாற்றும்போது எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் விற்ற ஸ்னாப்டிராகன் நோட் 4-க்கு பி.என் 43. மீடியாடெக் சிப் போட்ட நோட் 4 என்று வெளிநாட்டில் வேறொன்று இருந்தது, அதற்கு பி.என் 41. பெயர் ஒன்று என்பதால் கடையில் மாறிவிடும். '6000 எம்.ஏ.எச்' என்று அச்சிட்ட பேட்டரியை நம்பவே வேண்டாம். அதே அளவு இடத்தில் அத்தனை மின்சாரம் அடங்காது. பின்மூடி லேசாகத் தூக்கினாலோ திரையின் ஓரம் இடைவெளி விட்டாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். அமுக்கி மூடாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.

இனி நம்மூர்ப் பிரச்சினை, உப்புத் தண்ணீர். இந்த போனுக்குத் தண்ணீர்ப் பாதுகாப்புத் தரச் சான்று எதுவும் இல்லை. சின்னமுட்டம், முட்டம், குளச்சல் பக்கம் காற்றிலேயே உப்பு உண்டு. அது சார்ஜிங் ஜாக்கில் படிந்து ஈரத்தோடு சேரும்போது செம்பு பச்சையாகப் பூக்கும். கடல் தண்ணீரே உள்ளே போய்விட்டால் முதல் தவறு, 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று ஆன் செய்வது. இரண்டாவது, சார்ஜ் குத்துவது. மூன்றாவது, அரிசிப் பானையில் போடுவது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை போர்டின் கோடுகளை அது அரித்துக்கொண்டே இருக்கும். அரிசி கொஞ்சம் ஈரத்தை இழுத்தாலும் உப்பை எடுக்காது. போதாததற்கு அரிசித் தவிடு ஜாக்கில் அடைக்கும்.

செய்ய வேண்டியது: உடனே ஆஃப் செய்து, சிம் ட்ரேயைக் கழற்றி, அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். திறக்கிறவர் ட்ரேயைக் கழற்றாமல் மூடியைத் தூக்கினால் ட்ரேயோ மூடியோ உடையும். சார்ஜ் குத்தும் இடத்தின் இருபக்கமும் உள்ள 2 திருகைக் கழற்றியபின் மூடியை மெல்லத் தூக்க வேண்டும். கைரேகை சென்சார் மூடியோடு ஒட்டியிருக்கிறது, அதன் ஸ்டிரிப், அதாவது மெல்லிய பட்டை ஒயர், போர்டுக்குப் போகிறது. வேகமாக இழுத்தால் ஸ்டிரிப் அறுந்து கைரேகை போய்விடும். அடுத்து பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷால் கழுவ வேண்டும். முதலில் கெடுவது பெரும்பாலும் கீழே இருக்கும் சார்ஜிங் போர்டுதான். அது தனித் துண்டு, சால்டரிங் இல்லாமல் மாற்றலாம். சார்ஜ் ஏறாமலோ மைக் பேசாமலோ இருந்தால், மெயின் போர்டு போச்சு என்று சொல்வதற்கு முன் அதை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மழைக்கு பிளாஸ்டிக் கவரில் கட்டி வைப்பதும் முழுத் தீர்வல்ல. உள்ளே வியர்த்துவிடும். மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கூடவே போடுங்கள்.

கைரேகை எடுக்கவில்லை என்று சென்சாரை மாற்றச் சொல்வதும் இங்கே வழக்கம். முந்திரி ஆலையில் வேலை செய்கிறவர்களுக்குத் தோட்டு எண்ணெய் விரல் தோலை அரித்துவிடும், பால் வெட்டுகிறவர்களுக்குப் பால் படிந்துவிடும். குறை சென்சாரில் இல்லை. அதிகம் வேலை செய்யாத விரலை, உதாரணமாக இடது கை மோதிர விரலை, இரண்டு தடவை வெவ்வேறு கோணத்தில் பதியுங்கள்.

மென்பொருளில் பெரிய தவறு, இதை இன்றைய போன் போல நினைப்பது. ஆண்ட்ராய்டு 6-உடன் வந்தது, 7.0-உடன் நின்றுவிட்டது. ஆண்ட்ராய்டின் மேல் கம்பெனி போடும் எம்.ஐ.யு.ஐ 11 வரை வந்தாலும் அடியில் இருப்பது அதே 7.0. சில தளங்களைத் திறந்தால் 'பாதுகாப்பற்றது' என்று வருவது இதனால்தான். தளம் உண்மையானதுதான் என்று போனுக்குக் காட்ட, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழை ஏராளமான தளங்கள் வைத்திருக்கின்றன. அதை நம்புவதற்குப் போனில் இருக்க வேண்டிய மூலச் சான்று 7.1.1-லிருந்துதான் ஆண்ட்ராய்டுக்குள்ளேயே வருகிறது. பழைய போன்களுக்காக இருந்த மாற்று ஏற்பாடு 2024 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. போனின் தேதி சரியா என்று பாருங்கள். சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் 'பரவாயில்லை' என்று தட்டி உள்ளே போகாதீர்கள். சான்றிதழ்களைத் தானே வைத்திருக்கும் ஃபயர்பாக்ஸ் போன்ற பிரவுசரில் திறந்து பாருங்கள். குரோமும் 119-ஆம் பதிப்போடு ஆண்ட்ராய்டு 7-ஐக் கைவிட்டுவிட்டது. ஆகவே இப்படிப் பழையதாகிவிட்ட போனில் யு.பி.ஐ வைத்தே தீர வேண்டுமென்றால், சின்னத் தொகை கிடக்கும் கணக்கை மட்டும் இணையுங்கள்.

வாட்ஸ்அப் மெசேஜ் போனைத் திறந்தால்தான் வருகிறதா? நெட்டைத் திட்டாதீர்கள். செக்யூரிட்டி ஆப்பில் பெர்மிஷன்ஸ், ஆட்டோஸ்டார்ட் என்று போய் வாட்ஸ்அப்பை ஆன் செய்து, பேட்டரி சேவரில் அதற்குத் தடை இல்லை என்று வையுங்கள். 'கிளீனர்' ஆப் எதுவும் வேண்டாம், ரேமைத் தின்பதே அவைதான். 32 ஜிபியில் 4, 5 ஜிபி எப்போதும் காலியாக இருக்கட்டும். கஸ்டம் ரோம், அதாவது கம்பெனி தராத வேறு ஆண்ட்ராய்டு, போடுகிறவர்கள் 'மிடோ' என்ற பெயருள்ள கோப்பை மட்டும் எடுக்க வேண்டும். 'நிக்கெல்' என்பது அந்த மீடியாடெக் போனுக்கு உரியது, ஏற்றினால் போன் எழும்பாமலே போகலாம்.

ஒயர் ஹெட்செட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எஃப்.எம். ரேடியோவுக்கு அதுதான் ஆன்டெனா. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. டவர் படுத்தாலும் நாகர்கோவில் வானொலியின் 101 மெகாஹெர்ட்ஸைப் பிடிக்க இந்த போனுக்கு நெட் வேண்டாம்.

பழைய நோட் 4 வாங்கப் போகிறவர்கள் *#06# அழுத்தி வரும் ஐ.எம்.இ.ஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணைக் குறித்து, KYM என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ் அனுப்புங்கள். திருட்டு போனா என்று தெரியும். பிறகு *#*#6484#*#* அழுத்தினால் கம்பெனியின் சோதனைத் திரை வரும். டச், மைக், ஸ்பீக்கர், சென்சார் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மேல்முனையில் டிவி ரிமோட்டுக்கான ஐ.ஆர். விளக்கு இருக்கிறது. ரிமோட் ஆப்பில் ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே அதை இன்னொரு போனின் செல்ஃபி கேமராவில் பாருங்கள். ஊதா நிறத்தில் மின்னினால் விளக்கு வேலை செய்கிறது.