கொழும்பில் கப்பலை விட்டு இறங்கி ஓர் இரவு தங்குவது எப்படி?

உல்லாசக் கப்பலில் வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குக் கொழும்பு ஒரு பகல் பொழுதுதான். காலையில் இறங்கி, பஸ்ஸில் ஊரைச் சுற்றிவிட்டு, பின்னேரம் திரும்ப ஏறிவிடுவார்கள். இந்தப் பதிவு அவர்களுக்கு அல்ல. பெட்டி படுக்கையோடு கொழும்பில் இறங்கி, ஓர் இரவு தங்கி, மறுநாள் கட்டுநாயக்காவில் விமானம் ஏறப்போகிறவர்களுக்கு. கனடாவில் இருக்கும் அக்காவும் அத்தானும் அப்படித்தான் வந்தார்கள். சிங்கப்பூரில் ஏறிய கப்பல் மும்பைக்குப் போக, இவர்கள் நடுவில் இங்கே இறங்கிக்கொண்டார்கள். கரைப் பக்கத்து வேலைகளைக் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு நான்தான் பார்த்தேன்.

எந்தக் கப்பல் நல்லது, டிக்கெட் எங்கே மலிவு என்பதற்கெல்லாம் நான் ஆள் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1. முதலில் கப்பல் கம்பனிக்கு எழுதுங்கள்

கப்பலின் பயணம் கொழும்பிலேயே முடிகிறதென்றால் இந்தப் படி தேவையில்லை. நடுவழியில் இறங்குகிறீர்கள் என்றால், புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஃபோனில் சொன்னால் போதாது. உங்கள் பெயர் இறங்குவோர் பட்டியலுக்கு மாற வேண்டும். அந்தப் பட்டியல் கப்பலின் கொழும்பு முகவர் வழியாகக் குடிவரவு அதிகாரிகளுக்குப் போக வேண்டும். வருகிற பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச நாட்களுக்குக் காசு திரும்பி வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

2. விசா

இடிஏ எனப்படும் மின்னணுப் பயண அனுமதியை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் விமானமா கப்பலா என்று கேட்கும் இடத்தில் கப்பலின் பெயரைப் போடலாம். தேடினால் அரச தளம் போலவே தோற்றம் காட்டும் தனியார் தளங்கள் முன்னுக்கு வந்து நிற்கும், கட்டணமும் கூடுதல். முகவரியின் முடிவில் ‘ஜிஓவி டொட் எல்கே’ இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இரவுதானே, இரண்டு நாள் இடைத்தங்கல் அனுமதி போதாதா என்று அத்தான் கேட்டார். என் அபிப்பிராயம், 30 நாள் சுற்றுலா அனுமதியே எடுங்கள். விமானம் ஒரு நாள் பிந்தினால் இடைத்தங்கல்காரர் பாடு திண்டாட்டம். விதிகளும் கட்டணமும் இந்த நாட்டில் அடிக்கடி மாறுகிறபடியால், விண்ணப்பிக்கிற அன்று தளத்தில் உள்ளதையே நம்புங்கள், என் பதிவை அல்ல.

3. முத்திரை: இங்கேதான் சிக்கல்

கப்பலை விட்டு இறங்குவது வேறு, நாட்டுக்குள் நுழைவது வேறு. பகலில் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களைக் கப்பல் அட்டையோடு வெளியே விட்டுவிடுவார்கள். அவர்கள் கணக்கில் இன்னும் கப்பல் பயணிகள்தான். நீங்கள் அப்படியல்ல. நாளைக்கு விமான நிலையத்தில் குடியகல்வு அதிகாரி உங்கள் கடவுச்சீட்டைப் புரட்டி, எப்போது எந்த வழியாக வந்தீர்கள் என்று பார்ப்பார். அங்கே வருகை முத்திரை இல்லையென்றால், நீங்கள் இந்த நாட்டுக்குள் வரவே இல்லை என்றுதான் அர்த்தம். வராத ஆளை எப்படி வெளியே அனுப்புவது?

இது கப்பலின் வரவேற்பு மேசையில் இருப்பவர்களுக்கு எப்போதும் தெரிந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரு நாளில் ஆயிரக்கணக்கானோரை இறக்கி ஏற்றுகிறவர்களுக்கு, இரண்டு பேருடைய விவகாரம் கண்ணில் படாது. அன்று காலை அத்தான் வாட்ஸ்அப்பில் எடுத்தார்.

“தம்பி, எல்லாம் சரியாம். இறங்கிப் போகலாம் எண்டு சொல்லுறாங்கள்.”

“கடவுச்சீட்டு கையில வந்திட்டுதோ, அத்தான்?”

“ஓம், இப்பதான் தந்தவங்கள்.”

“சீல் குத்தியிருக்கோ, பாருங்கோ.”

தாள் புரட்டுகிற சத்தம். “பழைய சீலுகள்தான் கிடக்கு. இலங்கைச் சீலைக் காணேல்லை.”

“அப்ப இறங்காதேங்கோ. மேசையடியிலேயே நில்லுங்கோ.”

அக்கா அச்செடுத்து வைத்திருந்த மின்னஞ்சலைக் காட்டினார். அதில் உள்ளூர் முகவரின் பெயர் இருந்தது. அவரைக் கூப்பிட்டார்கள். கப்பலின் ஒரு மண்டபத்தில் குடிவரவு அதிகாரிகள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்களாம், பயணிகள் யாரும் போகாத ஒரு தளத்தில். போனதும் ஐந்து நிமிட வேலை. சில கப்பல்களுக்கு இது கரையில், முனையத்திலேயே நடக்கும். எங்கே நடந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: துறைமுக வாசலைத் தாண்டுவதற்கு முன் பக்கத்தைத் திறந்து, முத்திரையையும் திகதியையும் கண்ணால் பாருங்கள். வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போவது லேசில்லை.

இன்னொன்று. ஆசியப் பயணங்களில் பல கப்பல்கள் ஏறும்போதே கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். எப்போது, எந்த மேசையில் திரும்பக் கிடைக்கும் என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

4. பெட்டிகள்

எல்லோரும் இறங்கும் துறையென்றால் முதல் நாள் இரவே நிற அட்டை கட்டி, பெட்டியை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மருந்து, மாற்றுடுப்பு, கடவுச்சீட்டு மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். நடுவில் இறங்கும் ஒன்றிரண்டு பேருக்கு இந்த ஏற்பாடு இல்லாமலும் போகலாம், நீங்களே உருட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும். கப்பல் கணக்கையும் இரவே தீர்த்துவிடுங்கள், காலையில் வரிசை நீளம்.

5. துறைமுக வாசலில் இருந்து ஹோட்டலுக்கு

கொழும்புத் துறைமுகம் பாதுகாப்பு வலயம். உள்ளே இஷ்டத்துக்கு நடக்க முடியாது, கப்பலடியில் இருந்து வாசல்வரை பஸ்ஸில் கொண்டுவந்து விடுவார்கள். வெளியில் இருந்து வாடகைக் கார்களும் சும்மா உள்ளே வர முடியாது. ஆகவே செயலியில் வண்டி கூப்பிடும்போது, ஃபோன் தானாகக் காட்டும் இடத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். அது துறைமுகத்துக்கு நடுவில் புள்ளி வைக்கும். சாரதி வாசலில், நீங்கள் உள்ளே, கடைசியில் அவர் பயணத்தை ரத்துச் செய்துவிட்டுப் போவார். யோர்க் வீதித் தொங்கலில் இருக்கும் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலைப் புள்ளியாக வையுங்கள். 1875இல் தொடங்கிய ஹோட்டல், தெரியாத சாரதி இல்லை. பஸ் உங்களைப் புறக்கோட்டைப் பக்க வாசலில் இறக்கிவிட்டால், கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் புள்ளியாக வையுங்கள்.

செயலிகளில் எனக்கு பிக்மீதான் பிடிக்கும், இங்கே கார் முதல் ஓட்டோ வரை அதில் கிடைக்கும். ஊபரும் பரவாயில்லை. எதுவானாலும் காசாகக் கொடுப்பதாகப் போடுங்கள், அட்டை என்றதும் சிலர் வரமாட்டார்கள். வாசலில் நின்று “சிட்டி டூர், சேர்” என்று கூப்பிடும் ஓட்டோக்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். “இன்றைக்குக் கங்காராம விகாரையில் யானைத் திருவிழா, இன்று மட்டும்தான்” என்று ஒருவர் சொன்னால், அந்த ஓட்டோ கடைசியில் ஒரு இரத்தினக்கல் கடை வாசலில்தான் போய் நிற்கும். அந்தத் திருவிழா வருடம் முழுக்க நடக்கிறது.

6. எங்கே தங்குவது?

காலை ஒன்பதுக்கெல்லாம் கப்பல் உங்களை வெளியே விட்டுவிடும். ஹோட்டல் அறையோ பகல் இரண்டு மணிக்குத்தான். பெட்டியை வரவேற்பில் வைக்க விடுவார்களா என்று முதலே கேட்டுப் பதிவு செய்யுங்கள். விமானம் விடியப்புறம் என்றால் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நீர்கொழும்பு சரி. மறுநாள் இரவு விமானத்துக்கு நீர்கொழும்பில் போய் உட்காருவது வீண். பெட்டி அதிகமென்றால் துறைமுகத்தை ஒட்டிய கோட்டைப் பகுதியில் தங்குங்கள். தமிழ்ச் சாப்பாடும் தமிழில் விலை பேசுவதும் முக்கியமென்றால் வெள்ளவத்தை. இரவு எட்டு மணிக்குச் சுடச்சுட இடியப்பமும் சொதியும் கோட்டையில் தேடி அலைய வேண்டும், இங்கே காலி வீதியில் நடந்தாலே போதும். காசு மாற்றும் கடைகளும் இங்கே வரிசையாக இருக்கின்றன.

7. அந்த ஒரு நாள்

கண்டி, சிகிரியா என்று ஓடாதீர்கள், நாள் ரோட்டிலேயே போய்விடும். காலையில் புறக்கோட்டை, செட்டியார் தெருக் கோயில்கள், அங்கிருந்து கொச்சிக்கடைப் பக்கம் போனால் பொன். இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். மத்தியானம் நடை சாத்துவதற்குள் போங்கள். பின்னேரம் காலிமுகத்திடலில் இறால் வடை. வெள்ளவத்தையில் தங்குபவர்கள் திரும்பும்போது கோட்டையில் இருந்து கரையோர ரயிலில் ஒரு தரமாவது வாருங்கள். கடல் பக்கத்து யன்னல் கிடைத்தால் அதிர்ஷ்டம். அலுவலகம் விடுகிற நேரத்தில் கதவடியில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிய காரியம்.

8. விமான நிலையத்துக்கு

கட்டுநாயக்கா ஏறத்தாழ 32 கிலோமீற்றர். அதிவேக வீதி பேலியகொடையில் தொடங்குகிறது, அதில் ஏறிவிட்டால் பிரச்சினை இல்லை. ஏறுவதற்குள் நகர நெரிசலில்தான் நேரம் போகும். ஓட்டோ அதிவேக வீதியில் போக முடியாது, பழைய நீர்கொழும்பு வீதியால்தான் போகும். மலிவென்று பார்த்து பெட்டியோடு அதில் ஏறாதீர்கள். கார் எடுங்கள், வீதிக் கட்டணம் தனி.

பின்சேர்க்கை: மாலைதீவில் இருந்து வந்த ஒரு வாசகர், முன்பதிவு செய்த கார் காத்திருந்துவிட்டுப் போய்விட்டது என்று எழுதியிருந்தார். மாலே நேரம் நம்மைவிட அரை மணி பின்னால். கப்பல் மணிக்கூட்டை எப்போது மாற்றினார்கள் என்று கவனியுங்கள், காருக்குச் சொல்லும்போது ‘கொழும்பு நேரம்’ என்றே சொல்லுங்கள். தாய்லாந்துப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு வித்தியாசம் ஒன்றரை மணி.

இன்னொரு பின்சேர்க்கை: போயா தினத்தில் இறங்கினால் என்ன என்று கேட்டிருந்தார்கள். பௌர்ணமிதோறும் இங்கே பொது விடுமுறை. மது விற்பனை இல்லை, ஹோட்டலிலும்தான். புறக்கோட்டையில் பாதிக் கடைகளுக்கு மேல் பூட்டு. காசு மாற்றுவதை விமான நிலையம்வரை தள்ளிப்போட முடியாதவர்கள், ஏடிஎம் அட்டை ஒன்று கைவசம் வைத்திருங்கள். கோயில்கள் திறந்திருக்கும், வீதிகளும் வெறிச்சோடி இருக்கும், விமான நிலையத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேரலாம்.