முகப்பரு: தேய்ப்பதை நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள்

கடலூர் வெயிலில் மஞ்சக்குப்பம் வரை போய்த் திரும்பினாலே முகம் பிசுபிசுத்துவிடும். உடனே சோப்பு, கடலை மாவு, மறுபடியும் சோப்பு. ஆனால் பரு அழுக்கால் வருவதில்லை. எண்ணெய்ச் சுரப்பியின் வாய் செத்த செல்களால் அடைபட்டு, உள்ளே எண்ணெய் தேங்கி, தோலில் எப்போதும் இருக்கும் பாக்டீரியா அதில் பெருகி வீங்குவதுதான் பரு. தேய்த்தால் அந்த அடைப்பு திறக்காது, தோல்தான் புண்ணாகும். எலுமிச்சைச் சாறு, டூத்பேஸ்ட், குருணை போட்ட ஸ்கிரப் மூன்றையும் இன்றே நிறுத்துங்கள்.

முதல் படி. காலையும் இரவும் மென்மையான ஃபேஸ் வாஷ். நடுவில் வியர்த்தால் வெறும் தண்ணீர் போதும். தலைக்கு எண்ணெய் வைப்பவர்களுக்கு அது வழிந்து நெற்றியில் பொடிப்பொடியாகப் பரு கிளம்பலாம். குளிப்பதற்கு முன் வைத்து, அலசிவிடுங்கள்.

இரண்டாவது படி. மாய்ஸ்சரைசர். எண்ணெய்ச் சருமத்துக்கும் இது வேண்டும். நம் கடற்கரை ஊர்களுக்கு க்ரீமைவிட ஜெல் வகைதான் சரி என்பேன். காலையில் அதன் மேல் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். இதை விட்டால் பரு போன இடத்தில் கரும்புள்ளி தங்கிவிடும்.

மூன்றாவது படி. டாக்டரைக் கேட்டு, இரவில் அடாபலீன் 0.1% ஜெல். நான் தடுமாறி நின்ற இடம் இதுதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். கழுவிய முகம் நன்றாகக் காய வேண்டும். பட்டாணி அளவு ஜெல்லை நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என்று புள்ளி வைத்து முகம் முழுக்கப் பரப்புங்கள். பருவின் மேல் மட்டும் வைப்பதில் பயனில்லை, இது இனி வரப்போகும் அடைப்பைத் தடுக்கும் மருந்து. கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் வேண்டாம். ஆரம்பத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

முதல் சில வாரங்களில் தோல் உரியும், எரியும், புதுப் பருக்கள்கூடக் கிளம்பலாம். வீட்டில் எல்லோரும் "அந்த மருந்தைத் தூக்கிப் போடு" என்பார்கள். எனக்கும் கை நடுங்கியது. உள்ளே ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்தவைதான் மேலே வருகின்றன. எரிச்சல் அதிகமானால் மாய்ஸ்சரைசரை முதலில் தடவி, அதன் மேல் ஜெல். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது.

சீழ் வைத்த பருக்களுக்கு பென்சாயில் பெராக்சைடு 2.5% போதும். 10% வாங்கினால் எரிச்சல்தான் கூடும். துணியை வெளுத்துவிடும், வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சேர்த்தது: மெடிக்கலில் கேட்டு வாங்கிய க்ரீமில் ஒரே வாரத்தில் பரு மறைந்து முகமும் வெளுத்தது, நிறுத்தியதும் இரண்டு மடங்காக வந்தது என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். டியூபின் பின்னால் பொடி எழுத்தைப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். அதை எப்படி நிறுத்துவது என்பதைத் தோல் மருத்துவர் சொல்லட்டும். தொட்டால் வலிக்கும் ஆழமான கட்டிகள், குழி விழும் தழும்புகள் இருப்பவர்களும் காத்திருக்க வேண்டாம். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் அரசு மருத்துவமனை இருக்கிறது, அங்கே தோல் பிரிவு உண்டு. போகும்போது இதுவரை தடவிய எல்லா டியூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.