நேரோபோட் பயணத்தில் ஓய்வு நாளை எங்கே வைப்பது?

இங்கிலாந்தின் கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில் நேரோபோட்டில், அதாவது கால்வாய்க்கென்றே கட்டிய ஒடுங்கிய நீளப் படகில், போகிறவர்கள் பலரும் டிவைசஸ் ஊரில் ஒரு நாள் நின்றுவிடுவார்கள். அங்கே 29 லாக்குகளை, அதாவது நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளை, கடக்க வேண்டும், உடம்பு கெஞ்சும், நியாயம்தான். ஆனால் டிவைசஸில் ரயில் நிலையம் கிடையாது, 1966லேயே மூடிவிட்டார்கள். வெளியே போக பஸ் மட்டும்தான்.

மருந்து வாங்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், ஊருக்குத் திரும்பும் நண்பரை ரயில் ஏற்றிவிட வேண்டும் என்று வேலைகள் சேர்ந்திருந்தால் அதே கால்வாயிலுள்ள பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவன் ஊர்தான் என் தேர்வு. கால்வாயிலிருந்து நடக்கும் தூரத்திலேயே ரயில் நிலையம். பாத் நகரத்துக்குச் சுமார் கால் மணி நேரம். இதே தூரத்துக்குப் படகில் அரை நாள் ஆகிவிடும்.

கனமான வேலைகளைப் படகிடமே விடுங்கள். தண்ணீர், கேஸ் சிலிண்டர், டீசல் எல்லாம் கரையோரம் கிடைக்கும் இடத்தில் முந்தின நாளே முடித்துவிட்டால், ஓய்வு நாளில் ஒரு முதுகுப்பையோடு கிளம்பலாம்.

பஸ்ஸில் போவதானால், 2025 ஜனவரியிலிருந்து பெரும்பாலான வழித்தடங்களில் ஒருவழிக் கட்டணம் அதிகபட்சம் 3 பவுண்டுதான். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், பஸ் குறைவு, பெரிய கடைகளும் ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும். அப்புறம், படகைக் கட்டும்போதே கரையிலுள்ள பலகையைப் படித்துவிடுங்கள். சில இடங்களில் 24 அல்லது 48 மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது.