பிள்ளைகளோடு மலையில் டென்ட் அடித்துத் தங்கும்போது கொசுவைச் சமாளிப்பது எப்படி?

மதுரையிலிருந்து சிறுமலைக்கோ மேகமலைப் பக்கமோ குடும்பத்தோடு முதல்முறை டென்ட் அடித்துத் தங்கப் போகிறவர்கள் அடுப்பு, அரிசி, போர்வை என்று எல்லாவற்றையும் யோசித்து எடுத்து வைப்பார்கள். கொசுவுக்கு மட்டும், போகிற வழியில் ஒரு கொசுவர்த்திப் பாக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். வெட்டவெளியில் அந்தப் புகை காற்றோடு போய்விடும். பொழுது சாய்வதற்கு முன்னால் என்ன செய்துவைக்கிறோமோ அதுதான் ராத்திரி நம்மைக் காப்பாற்றும்.

படி 1: மாதம் பார்த்துக் கிளம்புங்கள்

நம் பக்கத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வெயிலும் ஈரமும் சேர்ந்திருந்தால் முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் நல்ல மழை பெய்த அடுத்த வாரம்தான் கடி அதிகம். ஜனவரி, பிப்ரவரி நல்லது.

படி 2: இடம் தேர்வு செய்யுங்கள்

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக் காட்டுக்குள் தங்கக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ விபத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். தங்க அனுமதிக்கும் தனியார் தோட்டங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்மாய்க் கரை, நெல் வயல் ஓரம் வேண்டாம். மூளைக்காய்ச்சலைப் பரப்பும் க்யூலெக்ஸ் வகைக் கொசு வயல் தண்ணீரில்தான் பெருகுகிறது. மதுரை சின்னச்சொக்கிகுளத்தில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் இந்தக் கொசுக்களைத்தான் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. கொஞ்சம் மேடான, காற்று தட்டுப்படும் இடமாகப் பாருங்கள். கொசுவால் வேகமான காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது.

டென்ட் அடிக்கும் முன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சுற்றிலும் ஒரு நடை போங்கள். கொட்டாங்குச்சி, யாரோ போட்டுவிட்டுப் போன டீ கப், பழைய டயர், கீழே கிடக்கும் பாளை, எல்லாவற்றையும் குனிந்து பாருங்கள். தேங்கிய தண்ணீரில் நூல் துண்டுபோலத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். உங்கள் நிழல் பட்டதும் நெளிந்து அடிக்கு இறங்கும். அதுதான் கொசுப்புழு. காய்ந்த தரையில் கவிழ்த்துவிட்டால் செத்துவிடும். சிறுமலையில் வாழை அதிகம். மட்டை இடுக்கில் தண்ணீர் நிற்கும், அங்கேயும் முட்டை இடும். ஆகையால் வாழைக்கொல்லைக்குள் டென்ட் வேண்டாம். தண்ணீர் நிற்கிற பொந்துள்ள மரத்தடியும் வேண்டாம்.

படி 3: நாலு மணிக்கே முழுக்கை

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் அதன் வேகம் கூடும். மலேரியா கொசுவும் க்யூலெக்ஸும் ராத்திரியில் வரும். ஆகவே இருட்டட்டும் என்று காத்திருக்காதீர்கள். வியர்வை வாசனைக்குக் கொசு வரும் என்பதால் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, வெளிர் நிறத்தில் தொளதொளவென்று முழுக்கைச் சட்டை, பேன்ட், சாக்ஸ் போட்டுவிடுங்கள். உடம்போடு ஒட்டிய லெகிங்ஸ் துணியைத் துளைத்துக்கொண்டு கடிக்கும்.

படி 4: கொசுவிரட்டி தடவும் முறை

டீட் (DEET) என்ற கொசுவிரட்டி மருந்து 20 முதல் 30 சதவீதம் உள்ளதோ, பிகாரிடின் என்ற மருந்து உள்ளதோ வாங்கலாம். டப்பாவில் போட்டிருக்கும் வயது வரம்பை அவசியம் படியுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு எந்தக் கொசுவிரட்டியும் தடவ வேண்டாம், கொசுவலைதான் போட வேண்டும். லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் மூன்று வயதுக்கு மேல்தான்.

உங்கள் உள்ளங்கையில் எடுத்துப் பிள்ளைக்குத் தடவுங்கள். பிள்ளையின் உள்ளங்கையிலும் விரல்களிலும் தடவாதீர்கள். அந்தக் கை நேரே வாய்க்கும் கண்ணுக்கும் போகும். காயத்தின் மேலும் துணிக்கு உள்ளேயும் தேவையில்லை. சன்ஸ்கிரீன் போடுவதானால் அது முதலில், இது பிறகு. தேங்காய் எண்ணெயில் வேப்பெண்ணெய் கலந்து பூசுவது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். அதை மட்டும் நம்பிப் பிள்ளையைக் காட்டில் படுக்கவைக்க எனக்கு மனம் வராது.

படி 5: டென்ட்டுக்குள்

வெயில் இருக்கும்போதே ஜிப்பை மூடிவிடுங்கள். பிள்ளைகள் படுக்கும் முன் உள்ளே கொசு பேட்டை ஒரு சுற்றுச் சுற்றி, மூலைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். யார் உள்ளே வந்தாலும் வெளியிலேயே விளக்கை அணைத்துவிட்டு, ஜிப்பைப் பாதி திறந்து சட்டென்று நுழைய வேண்டும். வலையில் சாய்ந்து தூங்கும் பிள்ளையை வெளியில் இருந்தே கொசு கடித்துவிடும். ஆதலால் பைகளை ஓரமாக வரிசையாக அடுக்கி, பிள்ளைகளை நடுவில் படுக்கவையுங்கள்.

கொசுவர்த்தியை டென்ட்டுக்குள் ஒருபோதும் கொளுத்தாதீர்கள். புகை மூச்சை முட்டும், துணியும் எளிதில் தீப்பிடிக்கும். நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டுப் புகை மூட்டுவது நம் ஊர் வழக்கம். சமையல் நேரத்தில் உதவும். தீ மூட்டத் தோட்டக்காரர் சம்மதித்தால் மட்டும், தூபக்காலில், டென்ட்டுக்குத் தள்ளி வையுங்கள்.

படி 6: வீடு திரும்பிய பிறகு

கடித்த இடத்தை சோப்புப் போட்டுக் கழுவி ஈரத்துணி வையுங்கள், நகத்தை வெட்டிவிடுங்கள். டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் கடித்த நாலிலிருந்து பத்து நாளுக்குள் தெரியும். இரண்டு வாரத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுபுரூஃபன் எதுவும் கொடுக்காதீர்கள். ரத்தக் கசிவு ஆபத்து உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ராஜாஜி அரசு மருத்துவமனைக்கோ போய், எங்கே, எந்தத் தேதியில் தங்கினீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.