கடன் சீட்டும் முப்பதடிக் கொடியும்: தொடக்ககால அமெரிக்காவை வகுப்பில் நடத்தும் முறை

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்வழி வகுப்புகளில் அமெரிக்க வரலாறு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறது: 1776 பிரகடனம், வாஷிங்டன், அரசமைப்புச் சட்டம், அப்புறம் நேராக லிங்கன். நடுவில் கிடக்கும் சுமார் எழுபது ஆண்டுகளை யாரும் தொடுவதில்லை. அந்த மக்கள் தங்களை ஒரே நாட்டார் என்று நினைக்கத் தொடங்கியது அந்த ஆண்டுகளில்தான். போர்க்களத்தைவிட, போர் முடிந்தபின் யாருக்கு யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்குதான் அவர்களுடைய அரசியலை வடித்தது. இதைப் பிள்ளைகள் கையால் தொட்டுப் புரிந்துகொள்ள, வாசகசாலை முற்றமும் இரண்டு மணி நேரமும் போதும்.

சேர்த்து வைக்க வேண்டியவை: 20 பேர், புளியங்கொட்டை 250, வெள்ளைத்தாளில் வெட்டிய சீட்டு 10, மஞ்சள்தாளில் 10, மூன்று கடித உறை, 150 அடி கயிறு, அளவு நாடா, சுண்ணாம்புப்பொடி 5 கிலோ.

முதலில் கடன். பத்துப் பேர் விடுதலைப் போரில் சண்டையிட்ட படைவீரர்கள். சம்பளப் பாக்கிக்காக ஆளுக்கொரு வெள்ளைச் சீட்டு. அதில் '100 டாலர்' என்று எழுதியிருக்க வேண்டும். சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் ஆறே முக்கால் டாலருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அந்தச் சீட்டு 15 மாத உழைப்பு. இதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் சீட்டு வெறும் காகிதமாகவே இருந்துவிடும். நான்கு பேர் வியாபாரிகள், ஆளுக்கு 50 கொட்டை. ஒரு கொட்டை ஒரு டாலர். நான்கு பேர் காங்கிரஸ், அதாவது அந்த நாட்டின் சட்டமன்றம். அவர்கள் முன்னால் காலித் தட்டு. மீதி இருவர் வரி வசூலிப்பவர்கள்.

வீரர்களைக் காங்கிரஸிடம் அனுப்புங்கள். 1781-இல் நடைமுறைக்கு வந்த முதல் அரசமைப்பான கூட்டமைப்பு விதிகளின்படி காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரமே இல்லை, மாநிலங்களிடம் கேட்டு வாங்கத்தான் முடியும். தட்டு காலியாக இருப்பதன் காரணம் இதுதான். 1783 மார்ச்சில் நியூபர்க் படைமுகாமில் சம்பளம் கிடைக்காத அதிகாரிகள் காங்கிரஸையே மிரட்டும் நிலைக்கு வந்தார்கள். வாஷிங்டன் ஒரு கடிதத்தைப் படிக்க மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நாட்டுக்காக உழைத்து உழைத்துத் தலை நரைத்தது மட்டுமல்ல, கண்ணும் மங்கிவிட்டது என்று சொன்னதாகப் பதிவு. கோபம் அந்த நொடியில் அடங்கியது. ஆனாலும் பாக்கி பாக்கியாகவே நின்றது.

இப்போது வரிக்காரர்களை இறக்குங்கள்: ஆளுக்கு 12 கொட்டை, உடனே, ரொக்கமாக. வீரர்களிடம் ரொக்கம் இல்லை. சீட்டை வியாபாரியிடம் விற்றே ஆக வேண்டும். விலை 15, 20 கொட்டையில் நிற்கும். 1780-களில் பல இடங்களில் நடந்த பேரமும் ஏறக்குறைய அதுதான். இந்த இடத்தில்தான் வகுப்பு தடுமாறும். வரியைக் கேட்பதற்கு முன் சந்தையைத் திறந்தால் ஒருவரும் சீட்டை விற்க மாட்டார்கள். வியாபாரிக்கு 50 கொட்டைக்கு மேல் கொடுத்தால் விலை ஏறி, பாடத்தின் சாரமே போய்விடும்.

மாசசூசெட்ஸில் வரியும் கடனும் கட்ட முடியாமல் நிலம் போன விவசாயிகள், பலர் பழைய வீரர்கள், 1786-இல் நீதிமன்றங்களை முற்றுகையிட்டார்கள். டேனியல் ஷேஸ் தலைமையில் போனவர்கள் 1787 ஜனவரி 25 அன்று ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்கின் முன் பீரங்கிச் சூட்டில் சிதறினார்கள், நால்வர் மாண்டார்கள். அதே ஆண்டு மே மாதம் பிலடெல்பியாவில் அரசமைப்பு மாநாடு கூடியதற்கு இந்தப் பயம் ஒரு பெரிய காரணம். இன்னொன்று மாநிலங்களுக்கு இடையிலான சுங்கச் சண்டை. பக்கத்து மாநிலத்துச் சரக்குக்கு நியூயார்க் தீர்வை போட்டது. ஜிஎஸ்டிக்கு முன் வாளையார் சோதனைச்சாவடியில் லாரிகள் நின்ற வரிசையை வீட்டில் கேட்டுவரச் சொன்னால் போதும், தனியே விளக்க வேண்டாம்.

1790-க்கு வாருங்கள். நிதித்துறைச் செயலர் ஹாமில்டன் வெள்ளைச் சீட்டு வைத்திருப்பவருக்கெல்லாம் வட்டி தரும் புதுப் பத்திரம் கொடுக்கிறார். அதுதான் மஞ்சள் சீட்டு. 20 கொட்டைக்கு வாங்கிய வியாபாரி 100 டாலர் பத்திரத்தோடு எழுந்து போவான். விற்ற பையன் முகத்தைப் பாருங்கள். அப்போது மட்டும் பாடத்தை நிறுத்தி, பிரதிநிதிகள் சபை உறுப்பினர் மேடிசன் கேட்டதைக் கேளுங்கள்: முதலில் சீட்டு வைத்திருந்தவனுக்கும் ஒரு பங்கு வேண்டாமா? கைதூக்கி வாக்கெடுங்கள். மேடிசனின் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 13-க்கு 36 என்று தோற்றது. மாநிலங்களின் கடனையும் மத்திய அரசே ஏற்பது என்ற அடுத்த சண்டை இன்னும் கசப்பானது. தவணை தவறாமல் குறிச்சீட்டு கட்டியவன், கட்டாதவனின் பாக்கியையும் சேர்த்துச் சுமக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? வர்ஜீனியாவின் ஆத்திரம் அதுதான். தலைநகரைப் பொட்டோமாக் ஆற்றங்கரைக்குக் கொண்டுவருவதாகச் சொல்லித்தான் அவர்களை இணங்க வைத்தார்கள். இரண்டு கட்சிகளின் விதை இந்தக் கடன் கணக்கில் விழுந்தது: ஹாமில்டனின் ஃபெடரலிஸ்டுகள் ஒரு பக்கம், ஜெஃபர்சனின் ரிப்பப்ளிகன்கள் ஒரு பக்கம். இந்த ரிப்பப்ளிகன் இன்றைய ரிப்பப்ளிகன் கட்சி அல்ல. அது 1854-இல் பிறந்தது. பலகையில் எழுதி அடிக்கோடிடுங்கள், தேர்வுத்தாளில் அதிகம் தவறுவது இங்கேதான்.

அடுத்து முற்றத்தில் கொடி. பிரிட்டனோடு 1812-இல் தொடங்கிய போரின்போது, 1814 செப்டம்பரில் பால்டிமோரின் மெக்ஹென்றி கோட்டையில் பறந்த பெரிய கொடி 30 அடிக்கு 42 அடி. கயிற்றால் செவ்வகம் போட்டுக் குறுக்களவு பாருங்கள். 51 அடி 7 அங்குலம் இருந்தால் மூலைகள் நேராக இருக்கின்றன. பட்டைகள் 15, ஒவ்வொன்றும் 2 அடி அகலம், சுண்ணாம்புக் கோடு இழுங்கள். நட்சத்திரமும் 15. பதின்மூன்று என்று போட்டுவிட்டால் அது வேறு காலத்துக் கொடி; பட்டையை 13-க்குத் திருப்பியது 1818 சட்டம். பிள்ளைகளைக் கொடிக்குள் நிற்கவிடுங்கள். மேரி பிக்கர்ஸ்கில்லும் உடனிருந்த பெண்களும் இத்தனை பெரிய துணியைக் கையால் தைத்தார்கள்.

சுமார் 25 மணி நேரம் அந்தக் கோட்டைமேல் பிரிட்டிஷாரின் குண்டும் ராக்கெட்டும் விழுந்தன. அது காங்கிரீவ் ராக்கெட். அதன் முன்னோடி ஹைதர், திப்பு படைகளின் மைசூர் ராக்கெட். 1799-க்குப் பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். அமெரிக்க தேசிய கீதத்தில் செந்நிறமாய் ஒளிரும் ராக்கெட்டின் வேர், ஹைதர் கட்டிய பாலக்காட்டுக் கோட்டையின் காலத்தில் இருக்கிறது. 1781-இல் யார்க்டவுனில் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ்தான் 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து மலபாரை வாங்கியவர். கோட்டைக்குக் கூட்டிப்போக முடிந்தால் இந்தப் பகுதியை அங்கேயே நடத்துங்கள்.

இனி மூன்று உறைகள். 1812 ஜூன் 18 அன்று அறிவிக்கப்பட்ட போருக்குக் காங்கிரஸில் ஒரு ஃபெடரலிஸ்டும் வாக்களிக்கவில்லை. 1814 டிசம்பர் 15 முதல் ஹார்ட்ஃபோர்டில் நியூ இங்கிலாந்து எனும் வடகிழக்கு மாநிலங்களின் ஃபெடரலிஸ்டுகள் 26 பேர் கூடி, போர் அறிவிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பது போன்ற திருத்தங்களைக் கேட்டார்கள். டிசம்பர் 24-இல் இன்றைய பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் சமாதானம் கையெழுத்தானது, செய்தி கடலில். 1815 ஜனவரி 8-இல் நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்கத் தளபதி ஜாக்சன் ஏறத்தாழ 2,000 பிரிட்டிஷாரை வீழ்த்தினார். மாண்டவர், காயப்பட்டவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து. மூன்று பிள்ளைகளிடம் ஆளுக்கொரு உறை கொடுத்து, மூவரும் தலைநகர் வாஷிங்டனுக்கு ஏறக்குறைய ஒன்றாகப் போய்ச் சேரும்படி நடக்க விடுங்கள். நடந்ததும் அதுதான்: பிப்ரவரியின் முதல் பாதியில் வெற்றிச் செய்தி, சமாதானச் செய்தி, ஹார்ட்ஃபோர்ட் தூதர்கள் மூன்றும் வந்தன. வெற்றியால்தான் சமாதானம் வந்தது என்று ஊர் நம்பியது. முறையிட வந்தவர்கள் துரோகிகளாகத் தெரிந்தார்கள். ஃபெடரலிஸ்டுகள் அதன்பின் எழவே இல்லை. 1816 தேர்தலில் ஜெஃபர்சன் கட்சியின் மன்ரோவுக்கு 183 தேர்வாளர் வாக்கு, அவர்களுக்கு 34. தாமதித்த செய்தி என்பது பிள்ளைகளுக்குப் புதிதாக இருந்தால் கடலூரைச் சொல்லுங்கள்: 1783 ஜனவரியிலேயே பிரிட்டனும் பிரான்சும் சமாதானத்துக்கு இணங்கியும், செய்தி வந்து சேராததால் ஜூன்வரை அங்கே சண்டை நடந்தது.

பிறகு கொட்டைகளுக்கு ஒருமுறை திரும்புங்கள். 1812-இல் சுமார் 4.5 கோடி டாலராக இருந்த பொதுக்கடன் 1816-இல் 12.7 கோடி. வங்கியையே எதிர்த்து வளர்ந்த ஜெஃபர்சனின் கட்சி 1816-இல் 3.5 கோடி மூலதனத்தில் இரண்டாவது தேசிய வங்கியை அமைத்து, தொழிலைக் காக்கத் தீர்வையும் போட்டது. எதிரிக் கட்சியின் கொள்கையை அந்தப் போர் இவர்கள் கையில் திணித்தது.

கடைசி 15 நிமிடம் வரைபடத்துக்கு, இதைக் குறைக்காதீர்கள். 1814 ஆகஸ்ட் 9 ஃபோர்ட் ஜாக்சன் உடன்படிக்கையில் கிரீக் பழங்குடியினரிடமிருந்து 2 கோடி ஏக்கருக்கு மேல் எடுக்கப்பட்டது. ஜாக்சனோடு சேர்ந்து போரிட்ட கிரீக்குகளின் நிலமும் அதில் போயிற்று. கெண்ட் உடன்படிக்கையின் ஒன்பதாவது பிரிவு பழங்குடியினருக்கு 1811-இல் இருந்த நிலையைத் திருப்பித் தருவதாகச் சொல்லியும் ஒரு ஏக்கர்கூடத் திரும்பவில்லை. அந்த மண்ணில் பருத்தியும் அடிமைமுறையும் பரவின. அலபாமாவின் பெரும்பகுதியையும் தெற்கு ஜார்ஜியாவையும் சிவப்பில் தீட்டி, சுவரில் மாட்டி, அடுத்த வாரம் 1828 தேர்தலில் ஜாக்சன் குடியரசுத் தலைவரான பாடத்தை அதன் முன்னால் நின்று தொடங்குங்கள்.