பேனரில் ‘மேதை’ போடுவதற்கு முன்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பேனர், நோட்டீஸ் அடிக்கும் கடை எனக்கு. ரிசல்ட் வந்தால் போதும், “பையன் பேருக்கு மேல மேதைன்னு போடுங்கண்ணா” என்று வந்துவிடுவார்கள். போடலாம், ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது.

மேதை என்றால், கற்றுக்கொடுத்ததைத் தாண்டி அந்தத் துறையையே புதிதாகப் பார்க்கவைப்பவர். ஈரோட்டில் 1887-இல் பிறந்த ராமானுஜன் கணித மேதை. அம்பேத்கர் சட்ட மேதை. கவனியுங்கள், முன்னால் துறையின் பெயர் நிற்கிறது. வெறும் ‘மேதை’ என்று விட்டால் எதில் என்று கேள்வி வரும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்தான்.

படித்து முதிர்ந்தவருக்கு அறிஞர். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜிக்கு மூதறிஞர் என்ற அடைமொழியே நிலைத்தது. 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற நம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு சாதனையாளர். அங்கே மேதை ஒட்டாது. தொழில் நுணுக்கம் தெரிந்தவர் வல்லுநர், அவ்வளவுதான்.

‘மேதாவி’ பக்கம் மட்டும் போகாதீர்கள். அகராதியில் நல்ல சொல்தான். ஆனால் “வந்துட்டாரு பெரிய மேதாவி” என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லி, பேனரில் பார்த்தாலும் கிண்டலாகத்தான் படும். மேதகு வேறு: ஆளுநர் போன்றவர்கள் பெயருக்கு முன்னால் வரும் மரியாதைச் சொல்.

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைக்கா? பெயர், பள்ளி, மார்க் மூன்றையும் பெரிய எழுத்தில் போடுங்கள். தாய்மாமன் பிடிவாதமாக நின்றால், சரி, ‘வருங்கால மேதை’ என்று அடித்துக் கொடுத்துவிடுவேன்.