கச்சிதமான கலப்பெண் பரப்பை வகைப்படுத்துவது எப்படி?

இரண்டு கலப்பெண் பரிமாணம் கொண்ட, வழுவழுப்பான, இணைந்த, கச்சிதமான (முடிவிலிக்கு ஓடாமல் தன்னளவில் மூடிய) பரப்பு ஒன்று தரப்பட்டிருக்கிறது. அது எந்த வகையைச் சேர்ந்தது என்று காண வேண்டும். இயற்கணிதப் பரப்புகளுக்கு (பல்லுறுப்புச் சமன்பாடுகளால் வரையறுக்கப்படுபவை) இத்தாலியக் கணிதர் என்ரிக்கெஸ் வகுத்த பட்டியலை 1960-களில் குனிஹிகோ கொடைரா எல்லாக் கச்சிதமான பரப்புகளுக்கும் விரித்தார். அந்தப் பட்டியலைப் பயன்படுத்தும்போது பெட்டி (Betti) எண்களை, அதாவது ஒவ்வொரு பரிமாணத்திலும் உள்ள துளைகளின் எண்ணிக்கையை, மட்டும் கணக்கிட்டுக்கொண்டு வகையைத் தேடப் புகுவதே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம். வேலையின் வரிசை மாறக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் வேலை, பரப்பைச் சிறுமப் பரப்பாக, அதாவது மேலும் சுருக்க முடியாத வடிவமாக, குறைப்பது. (சோப்புப் படலங்களைப் பற்றிய ஆய்வில் வரும் சிறுமப் பரப்பு வேறு.) எந்தப் பரப்பிலும் ஒரு புள்ளியை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஒரு வீழ்ப்புக் கோட்டை (கலப்பெண் கோட்டோடு முடிவிலிப் புள்ளி ஒன்றைச் சேர்த்தது) வைத்துப் புதிய பரப்பைப் பெறலாம், இதை முடிவின்றிச் செய்துகொண்டே போகலாம் என்பதால், அப்படிச் சேர்ந்தவற்றை நீக்காமல் வகைப்பாட்டுக்குப் பொருளே இல்லை. ஆகவே தன்வெட்டு எண் (வளைவரை, சற்றே நகர்த்திய தன் படியை எத்தனை முறை வெட்டுகிறது என்பதைக் குறியோடு எண்ணுவது) −1 ஆக உள்ள, ஜீனஸ் (துளை எண்ணிக்கை) 0 கொண்ட வழுவழுப்பான வளைவரைகளைத் தேடி, ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகச் சுருக்க வேண்டும். ஒவ்வொரு சுருக்கத்திலும் இரண்டாம் பெட்டி எண் 1 குறைவதால் இந்த வேலை கட்டாயம் முடிவுக்கு வரும்.

முப்பரிமாண வீழ்ப்பு வெளியில் உள்ள வழுவழுப்பான முப்படிப் பரப்பை எடுத்துக்கொள்வோம். அதில் 27 நேர்கோடுகள் உள்ளன. ஒவ்வொன்றின் தன்வெட்டு எண்ணும் −1. அவற்றுள் ஒன்றையொன்று தொடாத ஆறு கோடுகளைத் தேர்ந்து சுருக்கினால் ஆய்லர் எண் (பெட்டி எண்களை மாறிமாறிக் கூட்டிக் கழித்துப் பெறுவது) 9-இலிருந்து 3 ஆகிறது. நியமன வகுப்பின் (பரப்பின் 2-வகையீட்டு வடிவங்களின் பூச்சியங்கள் தரும் வளைவரை வகுப்பின்) தன்வெட்டு எண் 3-இலிருந்து 9 ஆகிறது. கையில் எஞ்சுவது வீழ்ப்புத் தளம். இரு எண்களின் கூடுதல் இரண்டு நிலையிலும் 12 தான். எந்தப் பரப்பிலும் இந்தக் கூடுதல் 12-இன் மடங்காகவே இருக்கும் என்பது நோதரின் சூத்திரம் தரும் உறுதி. கணக்கில் தவறு நேர்ந்ததா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை இல்லை.

இரண்டாம் வேலை, கொடைரா பரிமாணத்தைக் காண்பது. நியமனக் கற்றையின் (அந்த 2-வடிவங்களின் கற்றை) அடுக்குகளுக்கு ஒன்றையொன்று சாராத வெட்டுகள், அதாவது பரப்பு முழுவதும் வரையறுக்கப்பட்ட வடிவங்கள், எத்தனை உள்ளன என்று எண்ணி, அடுக்கு கூடக்கூட அந்த எண்ணிக்கை எப்படி வளர்கிறது என்று கவனிக்க வேண்டும். எல்லாம் 0 எனில் பரிமாணம் கழித்தல் முடிவிலி. 0 அல்லாத மதிப்பு வந்தும் வளராமல் நின்றால் 0. நேரியலாக வளர்ந்தால் 1. இருபடியாக வளர்ந்தால் 2. வீழ்ப்பு வெளியில் உள்ள ஐந்தாம் படிப் பரப்புக்கு இந்த எண்கள் 4, 10, 20 என்று தொடங்குகின்றன. அதன் பரிமாணம் 2. நான்காம் படிக்கு எப்போதும் 1. அது கே3 பரப்பு. முதல் எண் 0 என்றவுடன் நின்றுவிடக் கூடாது. என்ரிக்கெஸ் பரப்பில் முதல் எண் 0, இரண்டாவது எண் 1.

மூன்றாவதாக, முதல் பெட்டி எண் இரட்டையா ஒற்றையா என்று பார்க்க வேண்டும். இரட்டை எனில், அப்போது மட்டுமே, பரப்பு கேலர் அளவையை (கலப்பெண் அமைப்போடு இணங்கும் ஒரு சிறப்புத் தூர அளவை) ஏற்கும். பரிமாணம் கழித்தல் முடிவிலியாக இருக்கும்போது, இரட்டை எண் விகிதமுறு பரப்பையோ (புள்ளிக்குப் பதில் கோடு வைத்தும் கோட்டைச் சுருக்கியும் வீழ்ப்புத் தளத்திலிருந்து பெறக்கூடியது), ஒரு வளைவரைமீது கோடுகளால் ஆன பரப்பையோ குறிக்கும். ஒற்றை எனில் அது கொடைரா பட்டியலின் ஏழாம் வகுப்பு. ஆதிப்புள்ளி நீக்கிய இருபரிமாணக் கலப்பெண் வெளியில் ஒவ்வொரு புள்ளியையும் அதன் இருமடங்கோடு ஒன்றாக்கிப் பெறும் ஹாப்ஃப் பரப்பு இதில் அடங்கும். இரண்டாம் பெட்டி எண் 0-க்கு மேற்பட்ட ஏழாம் வகுப்புப் பரப்புகளின் பட்டியல் இன்னும் முழுமை பெறவில்லை.

பரிமாணம் 0 எனில் முதல் பெட்டி எண்ணே ஏறக்குறைய எல்லாவற்றையும் சொல்லிவிடும்: 4 என்றால் டோரஸ், 3 என்றால் முதன்மைக் கொடைரா பரப்பு, 2 என்றால் இருநீள்வட்டப் பரப்பு, 1 என்றால் துணைக் கொடைரா பரப்பு. 0 வந்தால் மட்டும் ஆய்லர் எண்ணையும் பார்க்க வேண்டும். 24 என்றால் கே3, 12 என்றால் என்ரிக்கெஸ். பரிமாணம் 1 எனில் பரப்பு நீள்வட்ட வளைவரைகளால் (ஜீனஸ் 1 கொண்டவை; சாதாரண நீள்வட்டம் அல்ல) இழையிடப்பட்டிருக்கும். அதன் சிதைந்த இழைகளை ஆராய்வதே அடுத்த வேலை.

பரிமாணம் 2 கொண்ட பொதுவகைப் பரப்புகளுக்கு முழுப் பட்டியல் கிடையாது. நியமனத் தன்வெட்டு எண் ஆய்லர் எண்ணின் மும்மடங்கை மீறாது என்பது போன்ற எல்லைகளே உள்ளன. அந்த எல்லையைத் தொடும் பரப்பு ஒன்றை 1979-இல் டேவிட் மம்ஃபோர்டு கட்டிக் காட்டினார். அதன் பெட்டி எண்கள் அனைத்தும் வீழ்ப்புத் தளத்தின் எண்களோடு ஒத்துப்போகின்றன. ஆய்லர் எண் 3, நியமனத் தன்வெட்டு எண் 9 என்பதும் அப்படியே. ஆனால் இரண்டாம் வேலையில் நாம் எண்ணிய வரிசையில் இரண்டாவது எண் வீழ்ப்புத் தளத்துக்கு 0, இந்தப் போலித் தளத்துக்கு 10.